அக்காவோட போன் சரியாயிடுச்சு

லெம்லெம் அக்கா, நீ தூங்குற. எழுப்ப மனசு வரல. அடுக்களையில நின்னு இந்த டேப்லெட்ல மெதுவா பேசிப் பதியுறேன். எழுத்து தப்பா விழுந்தா கோவிச்சுக்காத.

உன் போன் ரொட்டி டப்பா மேல இருக்கு. ட்ராம் ஸ்டாப் ரிப்பேர்க்காரர் பவர் பட்டனைக் கழட்டிப் பாத்துட்டு, "உங்கக்கா பேக்கரியில வேலையா? இதுல இருக்கிற மாவுக்கு ரொட்டியே சுடலாம்"னார். மாவு அடைச்சு பட்டன் அமுங்கியே கிடந்திருக்கு. அதான் தானா அணைஞ்சு அணைஞ்சு ஆன் ஆயிருக்கு. ஆன் ஆகுற ஒவ்வொரு தடவையும் சிம்முக்கு பின் நம்பர் கேட்டு நிக்கும். அதைப் போடாம எந்த போன் காலும் வராது. ஊர்ல அப்பா தவறின அன்னைக்கும் அப்படித்தான் நின்னிருக்கு. நீ வேணும்னு எடுக்காம இல்ல. நேத்து நாம போட்ட சண்டை போதும். அந்த பின் நம்பர் கேக்குறதையும் எடுத்துட்டேன்.

அஸியேப் அத்தை துக்கம் கேக்க வருவாங்க. காப்பிக்கொட்டை ஜாடியில இருக்கு. அவங்களோட உக்காந்து நீயும் ஒரு வாய் சாப்பிடு.

வாசல் வரைக்கும் போயிட்டேன், இதையும் சொல்லத் திரும்பி வந்தேன். அன்னைக்கு நீ கிடைக்கலைன்னதும் அப்பா அம்மாகிட்ட, "விடு, விடியுமுன்ன வேலைக்குப் போறவ, தூங்கட்டும்"னாராம்.

அடக்கத்துக்கு அப்புறம் போன் அணையாம நல்லா அடிச்சப்பவும் அம்மா கூப்பிட்டதை நீ எடுக்கல. நான் பாத்தேன். "அவளுக்கு என்மேல கோவமாடா ஃபில்மன்?"னு அம்மா கேட்டாங்க. போன் ரிப்பேர்னு சொல்லி வச்சேன்.

சாயங்காலம் கூப்பிடுவாங்க. இனிமே ரிப்பேர்னு என்னால சொல்ல முடியாது. எடுத்துடு அக்கா.