நாலு மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நடைதான். போக நாற்பது நிமிடம், வர நாற்பத்தைந்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

எங்கள் தெருமுனையில் ஏறினால் பஸ் பத்தே நிமிடத்தில் கடைக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் நான் பஸ்ஸில் ஏறினால் வீட்டில் இவருக்கு மூச்சு முட்டும். போன மாதம் மழையென்று ஒரு நாள் ஏறினேன். இறங்குவதற்குள் ஒன்பது முறை போன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டையெல்லாம் வேர்த்துத் தொப்பலாகி உட்கார்ந்திருக்கிறார். மழையில் நனைந்தது நானா, இவரா?

இருபத்திரண்டு வருடம் பஸ் பணிமனையில் பிரேக் பார்த்தவர். போன ஆகஸ்டில் இவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டி, மறுநாள் காலை இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. கண்டக்டரின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த மாதமே விசாரணை. பிரேக்கில் போட்ட குழாயில் கம்பெனியிலிருந்து வரும்போதே விரிசல், இவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்கு வரச்சொல்லி இரண்டு கடிதமும் வந்தாயிற்று. விசாரணை முடிந்து வீட்டுக்குள் வந்தவர்தான், ஏழு மாதமாக வாசற்படி தாண்டவில்லை.

"கீழ இறங்க அவருக்கே ஒரு காரணம் வேணும்மா, நீங்க தள்ளினா ஆகாது" என்கிறார், போனில் இவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. காரணத்துக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 4, புதன்

பால்கனியில் நான் துண்டு காயப்போடும் கம்பி ஒன்று இருக்கிறதே, அது இவருடைய பழைய ரேஸ் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. பிரேம் நன்றாகத்தான் இருக்கிறது. சக்கரம் இரண்டும் துருப்பிடித்துக் கோணி, கிட்டத்தட்ட முட்டை வடிவம்.

இதில் கடைக்குப் போனால் என்ன? எனக்குக் காலும் மிச்சம். இவருக்கும் கையில் ஒரு வேலை. "சக்கரம் மாத்தித் தர்றீங்களா?" என்று கேட்டேன்.

"நான் பிரேக் தொடமாட்டேன்."

சக்கரத்தைத்தானே கேட்டேன்? பிரேக்கை யார் கேட்டது!

மார்ச் 7, சனி

மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. சைக்கிளைத் தோளில் போட்டு நானே இறக்கினேன். இவர் கதவு வரை வந்து "பார்த்து" என்றார். ரொம்ப உபகாரம்.

தெருக்கோடி சைக்கிள் மெக்கானிக்குக்கு "ஆகாது அண்ணன்" என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் முதல் வார்த்தை அதுதான்.

"ஆகாதும்மா. இது இருபத்தேழு இஞ்ச். இந்த ரிம் இப்ப யாரும் செய்யறதில்ல."

"அப்ப?"

"எழுநூறு சைஸ் போடலாம். ஆனா ஆகாது."

"போடலாம், ஆனா ஆகாதுன்னா என்ன அண்ணே அர்த்தம்?"

"சக்கரம் போகும். பிரேக் எட்டாது."

எழுநூறு ரிம் பழையதைவிடக் குறுக்கே எட்டு மில்லிமீட்டர் சின்னதாம். அப்படியென்றால் மேலே நாலு, கீழே நாலு. பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் நாலு மில்லிமீட்டர் மேலே டயரைப் போய்ப் பிடிக்கும். இதுக்கு எழுநூறுன்னு பேர் வச்சவன் எங்கே இருக்கான்? ஸ்கேல் வைத்து அளந்தேன், அறுநூற்று இருபத்திரண்டுதான் வருகிறது.

நாலு மில்லிமீட்டர்தானே என்று சக்கரங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. முன்சக்கரம் சமர்த்தாக உட்கார்ந்தது. பின்சக்கரத்தின் அச்சு பிரேமை விட நாலு மில்லிமீட்டர் அகலம். இங்கேயும் நாலு! ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். கைமுட்டி எல்லாம் சிராய்ப்பு.

கட்டிலில் இருந்து குரல்: "பின்சக்கரம் போகாது."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கல."

கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நல்லவேளை வைத்துவிட்டுப் போனேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாத்தனார் போன். "அண்ணி, அண்ணனை இப்படியே விட்டா எப்படி? கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்களேன்."

ஆஹா. எனக்குத் தோணவே இல்லை பாருங்க.

மார்ச் 14, சனி

மறுபடி தோளில் சைக்கிள், மூன்று மாடி. ஆகாது அண்ணன் பின்பக்கக் கம்பிகள் இரண்டையும் கையால் பிடித்து, ஈரத்துணி பிழிகிற முகத்தோடு விரித்து, சக்கரத்தை உள்ளே தள்ளிவிட்டார். "இரும்பு, அதான் வளையுது. அலுமினியம்னா ஆகாது." அலுமினியம் என்று யார் சொன்னது!

பிரேக்குக்கு, கட்டை ரிம்மை எட்டுகிற மாதிரி நீளக் கை வேண்டுமாம். வரவழைக்க ஒரு மாதம் ஆகுமாம். வந்தாலும் வருமாம்.

இன்னும் ஒரு மாதமா? என் காலுக்கு வாய் இருந்தால் அழும்.

மார்ச் 16, திங்கள்

கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. பதினெட்டு வருடமாக என் பிழைப்பே இதுதான். கண்ணாடி பிரேமில் லென்ஸ் உட்காரவில்லையா, தேய். இன்னும் உட்காரவில்லையா, இன்னும் தேய். பிரேக் கட்டை மேலும் கீழும் நகர, அதைத் தாங்கும் கையில் நீளமாக ஒரு துளை இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கத்தை நாலு மில்லிமீட்டர் ராவிவிட்டால் கட்டை தானாக ரிம்முக்கு இறங்கிவிடும். இதற்குப் போய் ஒரு மாதமா?

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூச்சு முட்டும்.

மார்ச் 18, புதன்

இரண்டு சாயங்காலமாகச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரமும் கையுமாக இருக்கிறேன். அவ்வப்போது கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவதால் இவர் சந்தேகப்படவில்லை. முன்பிரேக் முடிந்தது. பிசிறே இல்லை. விரலை விட்டுப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. பின்பிரேக் அடுத்த வாரம்.

ஆகாதாம். ஆகுதா இல்லையா பாருங்க அண்ணே!

மார்ச் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்குச் சைக்கிளைக் கீழே இறக்கினேன். எங்கள் கட்டட வாசலிலிருந்து மெயின்ரோடு வரை நல்ல சரிவு. அதில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். அந்த நேரத்தில் இவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். மேசையில் என் லென்ஸ் தட்டு. லென்ஸ் தூள் என்றால் மாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். தட்டில் கிடந்தது மினுமினுவென்று உலோகத் தூள்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கத்தினார். "எதை ராவின?"

"பிரேக்கை!"

"ஏறாத!"

"ஏறுவேன்!"

"ஏறாதடி!"

இருபது வருடத்தில் இவர் என்னை 'டி' போட்டதில்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ஏழு மாதமா கட்டில்ல உக்காந்து அது ஆகாது, இது போகாதுன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் வருது, இல்ல? "அவ்வளவு அக்கறை இருந்தா இறங்கி வந்து சொல்லுங்க!" என்று கத்திவிட்டுப் பெடலில் கால் வைத்தேன். ஹேண்டில்பார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பழக்கம் விட்டுப்போயிருந்தது. மறுபடி நிறுத்தி, சரிசெய்து, ஏறி, நாலு முழம் உருண்டிருப்பேன். பின்னாலிருந்து சீட்டை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

இவர். பனியனோடு. காலில் செருப்பில்லை. மூச்சு இரைக்கிறது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்பிரேக்கை இறுக்கி ஒரே அழுத்து. 'டக்'கென்று சத்தம். நான் ராவிய இடத்தின் கீழ்ச்சுவர் விண்டு, கட்டை ரிம்முக்கு அடியில் நழுவிச் சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காகித கனம்கூட இல்லை. துளை நீளமானால் அதைத் தாங்கும் சுவர் மெலியும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? லென்ஸை யாரும் இழுத்துப் பிடித்து வண்டி நிறுத்துவதில்லை, அதனால்தான்.

சரிவின் அடியில் ஒரு பஸ் போயிற்று. இரண்டு பேரும் பார்த்தோம்.

அப்புறம்தான் தெருவில் நிற்கிறோம் என்பது இவருக்கே உறைத்தது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். சைக்கிளை இவரே தோளில் தூக்கினார். மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினோம்.

மார்ச் 23, திங்கள்

கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

மார்ச் 25, புதன்

யார் சொன்னார்களோ, நாத்தனார் போன். "அண்ணி, உங்க மூளையே மூளை! அண்ணனைக் கீழ இறக்க வேணும்னே தானே செஞ்சீங்க?" டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே அதையே கேட்கிறார். ஐயோ, இல்லைங்க! நான் செய்தது சுத்த முட்டாள்தனம். இவருக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு என் படத்துக்கு மாலை.

ராச்சாப்பாட்டின்போது இவரும் கேட்டார். "வேணும்னு செஞ்சியா?"

"இல்லீங்க. தெரியாமத்தான் செஞ்சேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"நல்லது. வேணும்னு செஞ்சிருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்."

மார்ச் 31, செவ்வாய்

நீளக் கை பிரேக் வாங்கிவர அளவெழுதிச் சீட்டுக் கொடுத்தார். வாங்கி வந்தேன். அது இல்லையாம். மாற்றி வந்தேன். அதுவும் இல்லையாம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சாக்பீஸ் எடுத்து லென்ஸ் என்று சொன்னால் நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

ஏப்ரல் 4, சனி

வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. போன் கட்டிலில் கிடக்கிறது.

என்னென்னவோ நினைத்துவிட்டேன். எழுத வேண்டாம். மொட்டைமாடிக்கு ஓடினேன், கீழே ஓடினேன், தெருவெல்லாம் ஓடினேன். கடைசியில் பார்த்தால் ஆகாது அண்ணன் கடையில், ஒரு ஸ்டூலில், மடி நிறையப் பழைய பிரேக்குகளைக் கொட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். "ஆகாது சார்." "ஆகும்யா, அளந்து பாரு." "ஆகாதுங்கறேன்." "பார்க்காமலே எப்படிச் சொல்றே?"

"சொல்லிட்டுப் போகத் தெரியாதா உங்களுக்கு!" என்று நடுத்தெருவில் கத்தி அழுதேன். இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்கள்.

"கிடைச்சிருச்சு" என்று ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டினார்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு பிரேக்கும் மாட்டியாயிற்று. கட்டை ரிம்மின் நடுவில் கச்சிதமாக உட்காருகிறது. "எடுத்துக்கட்டுமா?" என்றேன். "இரு, பார்க்கணும்."

ஏப்ரல் 13, திங்கள்

இன்னும் பார்க்கிறார். காலையில் அழுத்திப் பார்க்கிறார், மத்தியானம் கழற்றி மாட்டுகிறார், சாயங்காலம் டார்ச் அடிக்கிறார். நான் நடக்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை இவர் பையில் வைத்திருக்கிறார். என் பொறுமை போயே போய்விட்டது. "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் நடந்தே சாகணுமா?"

"ஒரு தடவை சரின்னு சொன்னேனே" என்றார். சத்தமே இல்லாமல்.

உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இவரே எழுப்பினார். கீழே போனோம். முதலில் இவர் ஏறினார். சரிவில் இறங்கிப் பாதியில் நிறுத்தினார், தள்ளிக்கொண்டு வந்தார், மறுபடி இறங்கினார். பதினோரு தடவை. எண்ணிக்கொண்டே நின்றேன், வேறென்ன செய்வது?

பிறகு சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, ஹேண்டில்பாரை என் பக்கம் திருப்பினார். ஆனால் பிடித்த கையை விடவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. காக்கா கத்திற்று, யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"சரியா இருக்கு. போ."

போனேன். சரிவின் அடியில் பிரேக் பிடித்தேன், நின்றது. திரும்பிப் பார்த்தால் கையை அப்படியே நீட்டியபடி நிற்கிறார்.

ஜூலை 8, புதன்

ஜூனில் வேலைக்குத் திரும்பினார். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணிமனைக்கு யார் சைக்கிளில் போகிறார்கள்? இவர்! யார் நடக்கிறார்கள்? நான்! ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கும்போது சீட் ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் இருக்கிறது. சட்டையெல்லாம் கிரீஸ், எந்த சோப்புக்கும் போகவில்லை.

ஒரு மாதமாக இவரை உதிரிபாக ஸ்டோரில்தான் போட்டிருந்தார்கள். இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வண்டிக்கு பிரேக் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்."

"எந்த வண்டி?"

"நம்ம தெருமுனைல எட்டு பத்துக்கு வருமே, அது. நாளைக்கு ஓடும்."

ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 9, வியாழன்

காலையில் பையைத் திறந்தால் டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை. நான் போட்டது இல்லை.

எட்டு பத்து வண்டி எட்டு இருபதுக்கு வந்தது. மூச்சு விட இடமில்லாத கூட்டம். யாருடைய டிபன் கேரியரோ என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது. பெரிய இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தது, கீழே சிவப்பு விளக்கு. டிரைவர் பிரேக் போட்டார். வண்டி நின்றது.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் பொலபொலவென்று கண்ணீர். பக்கத்தில் நின்ற அம்மா பதறிப்போய், "கால மிதிச்சிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.