ஜிகினா சுற்றிய ஆன்டெனா

ஐஸ் கரைகிற மீன் பெட்டிக்குள் சூடான பிளாஸ்டிக் வாடை வந்தால், எனக்கு அது நீதான். இன்று மதியம் மொட்டை மாடியில் தெர்மகோல் பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டரில் செருகுகிற உன் டிவி குச்சியை மறுபடியும் ஐஸ் மேல் வைத்திருக்கிறேன். அண்ணனின் மீன்பிடி லாஞ்சு காலையிலேயே காசிமேடு திரும்பியிருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாலும் பதில் இல்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. என் பயம் மட்டும் காலி செய்ய மாட்டேன் என்கிற குடித்தனக்காரனைப் போல உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மாத்தூர் கம்பெனியில் எதிரெதிர் மேசையில் நாம் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்தபோதே நீ கிண்டல் செய்வாய். "உனுக்கு பயம் வரலன்னாதான்டி நான் பேஜாராவணும்." நானும் சும்மா இருந்ததில்லை. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் முன் நீ நெற்றியில் சிலுவை போடுவதைச் சொல்லிக்காட்டுவேன்.

அப்போது ஒரு வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் தடவையே அண்ணனின் ஜிபிஎஸ் வழியைக் காட்டாமல் நின்றுவிட்டது. எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துபோகிற பாதையில், மழை மூட்டத்தில், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஹாரன் சத்தம் கேட்டது, கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கரை சேர்ந்த பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. ஜிபிஎஸ் விற்ற கடைக்காரர் செட்டை மட்டும் கழற்றித் தன் ஆன்டெனாவில் மாட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உடனே துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு. யாரோ செயற்கைக்கோள் சிக்னலை அமுக்குகிறார்கள், இனி எந்த லாஞ்சுக்கும் வழி தெரியாது என்றார்கள். நான் அதை அப்படியே நம்பி, அண்ணனைக் கடலுக்கு அனுப்பாதே என்று அண்ணியிடம் அழுதேன்.

"மொதல்ல வானத்தப் பாரு. அப்பால அழுவு" என்றாய் நீ.

பார்ப்பதற்குக் கருவி வேண்டுமே. சாதாரண ஜிபிஎஸ் விடையை மட்டும்தான் சொல்லும். நமக்கு வேண்டியிருந்தது கணக்கு. செயற்கைக்கோள் அனுப்புகிற அலையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கி, மென்பொருளால் பிரித்துப் பார்க்கிற ரிசீவர். அதன் விலையை இணையத்தில் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னொரு லாஞ்சே வாங்கிக்கலாம்டி" என்று பக்கத்தை மூடினாய். அதோடு விட்டாயா? ரிச்சி தெரு முழுக்க என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாய். கடைசியில் கிடைத்தது கம்ப்யூட்டரில் டிவி பார்க்கிற குச்சி ஒன்று. அதற்குத் துணையாக, காரின் கூரையில் ஒட்டுகிற காந்த ஆன்டெனா. கல்மண்டபத்தில் உன் வீட்டு மாடியில் அண்ணியிடம் வாங்கி வந்த அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஆன்டெனாவை வைத்தோம். அலுமினியம் அடியில் இருந்தால் சிக்னல் தெளிவாகும் என்றாய். ஆனால் குச்சி சூடேறியதும் அதனுள் இருக்கிற கடிகாரம் தடுமாறி, பிடித்த செயற்கைக்கோளையும் விட்டுவிடும். யாரிடமும் கேட்காமல் நீ போய் மீன் ஐஸ் வாங்கி வந்தாய். பாலித்தீன் பையில் குச்சியைக் கட்டி அதன் மேல் படுக்க வைத்ததும் திரையில் செயற்கைக்கோளுக்கு ஒன்றாகக் கூரான முனைகள் எழுந்தன. வானத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் லாஞ்சின் மேல்தளத்திலும் அப்படியே. நம் குச்சிக்கு எல்லாம் கிடைத்தன, பக்கத்திலிருந்த அண்ணனின் செட்டுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீ கேபின் கூரை மேல் ஏறிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாய். கடலுக்கு இறக்கும் முன் போட்ட பூஜையில், அண்ணி ஆன்டெனாவின் தலையை வெள்ளி ஜிகினாத் தாளால் கொழுக்கட்டை மாதிரி மூடி, மஞ்சள் பூசி, பொட்டும் வைத்திருந்தாள்.

"வழி காட்டறது அதுதானேம்மா. அதுக்கு செய்யாம வேற எதுக்கு செய்வேன்?" என்றாள் அண்ணி, முகம் வாடி.

"செய்யிங்க அண்ணி. மஞ்சள் கீட்டும், பொட்டு கீட்டும். தாளு மட்டும் வேணாம், அதுக்குக் கண்ண மறைக்குது" என்று மெதுவாகப் பிரித்து எடுத்தாய். அண்ணிக்கு உன்மேல் அன்றைக்கு வந்த பிரியம் கடைசி வரை குறையவில்லை.

இன்று நீ சொன்னபடியே முதலில் வானத்தைப் பார்த்தேன். எல்லா முனைகளும் எழுந்து நிற்கின்றன. லாஞ்சின் ஆன்டெனாவை ஜிகினா மூடியிருக்குமோ என்றுகூட ஆசைப்பட்டேன். அண்ணி இந்தத் தடவை குங்குமம் மட்டும்தான் வைத்தாளாம். அப்படியென்றால் இது எஞ்சினா, கப்பலா, வேறு ஏதாவதா என்று மனசு கண்டபடி ஓடுகிறது. இந்தக் குச்சி வானத்தைத்தான் காட்டும், கடலைக் காட்டாது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மூச்சு மாஸ்க்கை விலக்கி நீ கேட்டது ஞாபகம் வருகிறது. எதற்குமே அஞ்சாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தினி வருசம் எப்டிடி பயந்துகினே இருந்த? எனுக்கும் சொல்லிக் குடு" என்றாய். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கையப் புடிச்சிக்கோ. பயமா கீதுன்னு வாய் வுட்டு சொல்லு. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல." நீ சொன்னாய். நானும் சொன்னேன். விடிகிற வரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது அண்ணி மாடி ஏறி வந்து திரையைப் பார்க்கிறாள். "இன்னா தெரியுது?"

"வானம் சரியா கீது அண்ணி."

"அவரு?"

"அது இதுல தெரியாது அண்ணி."

அவள் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பயமா கீது என்றேன். எனுக்கும் என்றாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நோட்டு மடியில் நழுவுகிறது, அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லை. அது அண்ணியிடம் இருக்கிறது.