வேட்பாளரின் தம்பி

வடலூர்,
மார்ச் 22.

அன்புத் தம்பி கார்முகிலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் இருமல் நின்றதா? போன முறை மனு போட்டுப் பார்க்க வந்தபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் நீ பேசியதைவிட இருமியதுதான் அதிகம்.

ஒரு செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. பாராளுமன்றத் தேர்தலுக்கு நம் கட்சி என்னை வேட்பாளராக அறிவித்துவிட்டது.

அனல்மின் நிலைய டவுன்ஷிப்பில் தெரு பெருக்கிக்கொண்டிருந்தேன். மாவட்டச் செயலாளர் நெடுமாறன் அண்ணன் காரை நிறுத்தி இறங்கினார். "தொடப்பத்தக் கீழ போடும்மா. நீதான் கேண்டிடேட்டு" என்றார். நான் நம்பவில்லை. பின்னாலேயே மாலையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்தில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்குப் பலன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அண்ணன் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெயிக்கிற சீட்டா இருந்தா நம்மளுக்கா குடுப்பாங்க? ஆனாலும் நில்லு. காண்ட்ராக்ட் ஓட்டு மொத்தமா வுழுந்தா யாருக்குத் தெரியும்?"

"எம் புள்ள உள்ள கெடக்கறான், எம் பொண்ணு டெல்லிக்குப் போவுதாம்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மறியலன்று ஷிப்ட் பஸ்மேல் விழுந்த அந்தக் கல்லை நீ எறியவில்லை என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்வேன்.

உன் அக்கா,
அம்சவல்லி

* * *

கடலூர் சிறை,
மார்ச் 27.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே டிவியில் உன்னைப் பார்த்துவிட்டேன். எங்கள் பிளாக்கில் எல்லாரும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அந்தச் சிவப்புப் புடவை யாருடையது? உனக்கு நன்றாக இருந்தது. ஆனால் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்காதே. பாதி வார்த்தை புரியவில்லை.

இருமல் பரவாயில்லை.

என்னைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதே. மறியலில் எதற்கு உட்கார்ந்தோமோ அதைப் பேசு. நம் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பேசு. ஜாமீன் மனு ஜூனில் விசாரணைக்கு வருகிறது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

வெயிலில் அலையாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்?

தம்பி,
கார்முகில்

* * *

வடலூர்,
ஏப்ரல் 4.

அன்புத் தம்பிக்கு,

பண்ருட்டிப் பக்கம் நல்ல வரவேற்பு. காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்கள் கறை படிந்த கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அங்கெல்லாம் எனக்குக் கவலை இல்லை.

கவலை பர்மனென்ட் ஆட்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸில்தான். நான் தினமும் பெருக்குகிற தெரு. அங்கே குடியிருக்கிற சுப்புலட்சுமி அம்மா என்னை முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பிறகு, "உனக்குப் போடணும்னுதான் இருக்கேன் அம்சா. ஆனா அந்த ஷிப்ட் பஸ் டிரைவர் ராஜ்மோகன் எங்க பக்கத்து வீடு. கல்லடி பட்டு ஒரு கண்ணே போயிட்டு. அவர் பெஞ்சாதி முகத்துல நான் எப்படி முழிக்க?" என்றார்கள். நீ எறியவில்லை என்றேன். "அப்போ யார் எறிஞ்சா?" என்று கேட்டார்கள். கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

'கல்லெறிந்தவன் அக்காவுக்கா ஓட்டு?' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் மேடையில் சொல்லவேண்டுமாம். நெடுமாறன் அண்ணன் கேட்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பிரச்சார வண்டி வரவில்லை. ஆட்டோ பிடித்துப் போகிறேன்.

அம்சவல்லி

* * *

கடலூர் சிறை,
ஏப்ரல் 8.

அக்கா,

சொல்லிவிடு.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நாம் தெரு பெருக்குகிறவர்கள், சாம்பல் அள்ளுகிறவர்கள். நம்மில் ஒருத்தியை யாராவது எம்.பி. சீட்டில் நிறுத்தினார்களா? இனி நிறுத்துவார்களா? என் ஒருவனுக்காக அதை விடாதே. வெறும் வார்த்தைதானே. நீ என் அக்கா இல்லை என்று ஆகிவிடுமா? நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சத்தியம்.

கார்முகில்

* * *

வடலூர்,
ஏப்ரல் 14.

தம்பி,

சொல்லிவிட்டேன். பார்த்திருப்பாய்.

'அவன் செய்ததற்கு நான் பொறுப்பில்லை' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னேன். கூட்டம் அசையவில்லை. முன்வரிசையில் குவார்ட்டர்ஸ் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எனக்குத் தம்பியே கிடையாது. ராஜ்மோகன்தான் என் அண்ணன்" என்றேன். யாரும் எழுதித் தரவில்லை. என் வாயில் தானாக வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நம் தெரு ஆட்களும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா படுத்திருந்தாள். சோறு போடட்டுமா என்றேன். "எனக்கு ஒரு புள்ளதான். அவன் ஜெயில்ல இருக்கறான்" என்றாள்.

இரண்டு வரி எழுது.

அக்கா

* * *

கடலூர் சிறை,
ஏப்ரல் 18.

அக்காவுக்கு,

டிவியில் பார்த்தேன். இங்கே எல்லாரும் என்னோடுதான் பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

சொல்லச் சொன்னவன் நான்தான். உன்மேல் தப்பில்லை. ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என்னால் காப்பாற்ற முடியவில்லை.

கொஞ்ச நாள் பார்க்க வராதே.

கார்முகில்

* * *

வடலூர்,
ஜூன் 21.

அன்புத் தம்பி கார்முகிலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நான் தோற்றது உனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் பூத்துகளில் சொற்ப ஓட்டுதான். நம் தெருவிலேயே பாதிதான் விழுந்திருக்கிறது. அன்றைக்குக் கைதட்டியவர்கள்தான், வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறார்கள்போல. நெடுமாறன் அண்ணன் போனை எடுப்பதில்லை. நான் பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன். சுப்புலட்சுமி அம்மா ஜன்னலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார்கள்.

ஜாமீன் விசாரணையன்று கோர்ட்டில் நான் பின்னால் நின்றிருந்தேன். அரசு வக்கீல் என் பேச்சைப் படித்தார். "கூடப் பிறந்தவளே ஊரறியக் கைவிட்டவன் இவன்" என்றார். முன்னால் போய்க் கத்த நினைத்தேன். மேடைக்கு மேடை கத்தியவள் அங்கே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். நீ திரும்பியே பார்க்கவில்லை. மனு தள்ளுபடி ஆயிற்று.

நேற்று அம்மாவோடு வந்தேன். வார்டர் உள்ளே போய்விட்டு வந்து, "அம்மா மட்டும் வரச் சொல்றாருங்க" என்றார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில், "இருமறானா?" என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வடலூரில் இறங்கினோம். பூக்கடைப் பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டு, "எம்.பி. அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் தோற்றது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கைகூப்பி, சிரித்து, நல்லா இருக்கேன் என்றேன்.

அம்மா நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

உன் அக்கா,
அம்சவல்லி