உங்கள் பேரில் விழுந்த ஓட்டு

அக்கா,

நேற்றுக் காலை குழம்பு தாளிக்கிற நேரம் பார்த்து அங்கன்வாடி டீச்சர் வாசலில் வந்து நின்றார். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்க ஏறி இறங்குகிறாராம், பாவம். பட்டியலில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "எதிர் வீட்டுப் பெரியம்மா இருக்காங்களா?" என்று தெலுங்கில் கேட்டார். நீங்கள்தான். படத்திலும் யாரையோ முறைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, பட்டியலில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

அப்புறம் நாள் முழுக்க அந்தச் சட்டசபைத் தேர்தல்தான் மனசில் ஓடியது. நாம் இரண்டு பேரும் கவர்மெண்ட் பாக்டரியிலிருந்து ரிட்டையரான பிறகு வந்த முதல் தேர்தல். நீங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். கல்யாணத்துக்கா போகிறோம் என்று கிண்டல் பண்ணினேன். "ஏட்டி, இந்த ஊர்ல எல்லாரும் என்னைய மதராசி அம்மாங்காங்க. என் பேரை முழுசா வாசிக்கிறது இந்த ஒரு எடத்துலதாம்லா" என்றீர்கள்.

பள்ளிக்கூட பூத்தில் உங்கள் பேரை வாசிக்கத்தான் வாசித்தார்கள். கூடவே, "உங்க ஓட்டு ஏற்கெனவே விழுந்திருச்சேம்மா" என்றார்கள். உங்கள் பேருக்கு நேரே எவளோ கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். உங்களுக்கு ஓட்டு போனதைவிட அதுதான் சுட்டது. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்வே!" என்று நீங்கள் கத்திய கத்தலில் வரிசையே எட்டிப் பார்த்தது. மை இல்லாத இடது விரலை பூத் அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். அவர், வீட்டுக்குப் போங்கள், ஒரு ஓட்டுதானே என்று இந்தியில் சமாதானம் பேசினார். "மைன் காய்கூ ஜாவூன்?", அதாவது நான் ஏன் போகணும் என்று ஹைதராபாத் இந்தியிலேயே திருப்பிக் கொடுத்தீர்களே, அதைச் சொல்லி எத்தனை நாள் சிரித்தோம்!

ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. கட்சி ஏஜெண்டுகள் முறைத்தார்கள். வாங்கக்கா போயிடலாம் என்று முந்தானையை இழுத்தேன். "நீ சும்மா இரி" என்றீர்கள். நீங்களும் ஒரு காலத்தில் தேர்தல் டியூட்டி பார்த்தவர். இப்படி ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் போட்டுவிட்டால், வந்தவருக்குத் தனியாக ஒரு காகித ஓட்டுச் சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். உறை, கையெழுத்து என்று இழுக்குமே என்ற அலுப்பு அவருக்கு. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது, அவரும் சாப்பிட்டார், நீங்கள் நகரவில்லை. கடைசியில் புருஷன் பேர், வீட்டு நம்பர், வயசு எல்லாம் கேட்டார். "ரெண்டு வயசு கூடப் போட்டிருக்கீங்க, அதையும் திருத்துங்க" என்றீர்கள். மனுஷனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சீட்டைக் கொடுக்கும்போது நியாயமாக ஒன்று சொன்னார். இது உறைக்குள் போய்விடும், கோர்ட்டு சொன்னாலொழிய எண்ண மாட்டார்கள் என்று. தெரியும் என்று தலையாட்டிவிட்டு, மறைப்புக்குப் பின்னால் போய் நிதானமாக முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தீர்கள். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எண்ணாத ஓட்டுக்கா இவ்வளவு பாடு என்று கேட்டேன். "எண்ணுனா எண்ணட்டும், எண்ணாட்டா போவட்டும். எவளோ நானா வந்து நின்னா, நான் எங்கட்டி போறது?" என்றீர்கள்.

நேற்று சாயங்காலம் புனேயில் இருக்கும் உங்கள் மகனுக்கு போன் போட்டேன். பேரை எடுத்துவிட வேண்டும், இறப்புச் சான்றிதழை அனுப்பு என்றேன். "விடுங்க ஆன்ட்டி. வீட்டையும் வித்தாச்சு. அம்மா பேராவது அங்க இருக்கட்டுமே, ப்ளீஸ்" என்றான். அந்த ஆசை எனக்கு மட்டும் இல்லையா? ஆனாலும் விடவில்லை. "பேர் இருந்தா ஓட்டு இருக்கும் கண்ணா. ஓட்டு இருந்தா எவளாவது உங்கம்மான்னு சொல்லிட்டு வந்து நிப்பா. இந்தத் தடவை, விரலை நீட்டிக் கேக்க உங்கம்மா வரமாட்டா" என்றேன். போனை வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

இன்று டீச்சர் வந்தார். என்ன அவசரம், மெதுவாகப் பார்க்கலாமே என்றார். இப்போதே என்றேன். பேரை நீக்கும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். உங்களைப் பற்றி அந்தச் சொல்லை நான் எழுதியது இதுதான் முதல் தடவை. அக்கா, நீங்கள் இருந்த இடத்தில் இனி எவளும் வந்து நிற்க முடியாது.

கையெழுத்துப் போட்டு, அவரைப் படி இறக்கி அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதேன்.