சாம்பல் கலர் சட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

குரோம்பேட்டை துணிக்கடையை மதியமே அடைத்துவிட்டுப் புழல் ஜெயிலுக்குப் போனேன். மகன் ஆஸ்டினுக்கு இரண்டு லுங்கி, பனியன், ஒரு சிவப்பு டி-ஷர்ட். உதறி, தையலைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே வாங்கினார்கள்.

இரும்புலியூரில் பைக்கில் போய் சரசு என்கிற அம்மாவின் செயினை அறுத்தானாம். அந்தம்மா ரோட்டில் விழுந்து கை முறிந்திருக்கிறது.

"நான் இல்லம்மா, சத்தியமா" என்றான். நம்பினேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

ஜூன் 5, வியாழன்

வக்கீல் தேவானந்தம் சார் போன் பண்ணினார். மற்ற கைதிகளோடு இவனை வரிசையில் நிறுத்துவார்களாம். அந்தம்மா ஆளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேஸ் நிற்காது.

"சிவப்பு சட்டையா குடுத்தீங்க பியூலாம்மா? பளிச்சுனு ஒருத்தன் நின்னா கண்ணு அங்கதான் போகும்."

எனக்கா சொல்கிறார்! பிளாட்பாரத்தில் நைட்டி விரித்த நாளிலிருந்து, கண் எதில் நிற்கும் என்று பார்த்துப் பிழைக்கிறவள். எதில் நிற்காது என்றும் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

யாரும் சீந்தாத சாம்பல் கலர் டி-ஷர்ட் ஒரு கட்டு கடையில் கிடந்தது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அதையே போட, வக்கீல் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

கடையில் வேலை செய்யும் எல்லம்மா, "இன்னாக்கா, ஜெயிலுக்கே யூனிஃபார்ம் ஆர்டர் எடுத்துக்கினியா?" என்றாள். சிரித்துவிட்டேன். அவனைப் பிடித்த பிறகு இன்றைக்குத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

அந்தம்மா காட்டிவிட்டார்.

ஜூன் 11, புதன்

ஆஸ்டினைப் பார்த்தேன்.

"எல்லாரும் ஒரே சட்டைதாம்மா. அந்தம்மா சட்டையப் பாக்கவே இல்ல. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டு வந்து எம்முன்னாடி நின்னாங்க. 'நான் விழுந்து கத்துறப்போ திரும்பிப் பாத்தியேப்பா'ன்னாங்க."

"பாத்தியாடா?"

கம்பி வலையை நகத்தால் சுரண்டினான்.

"டேய், உன்னத்தான். பாத்தியா?"

"பாத்தேன்."

பாத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான். கை ஒடிஞ்சு கெடந்து கத்துது அந்தம்மா — பாத்துட்டுப் போயிருக்கான். என்னத்த வளத்தேன் நான்? அவன் மாட்டிக்கக் கூடாதுன்னு கட்டு பிரிச்சு, சைஸ் பாத்து, மடிச்சு வேற குடுத்தேனே —

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் போனேன். துண்டு, பனியன், உள்ளாடை கொடுத்தேன். மழைக்கு முழுக்கைச் சட்டை ஒன்று கேட்டான். அடுத்த வாரம் எடுத்து வருகிறேன் என்றேன்.

திரும்பும்போது வக்கீல் கூப்பிட்டார். "ஜாமீன் மனு ரெடிம்மா. நாளைக்கே போட்டுடலாமா?"

"இப்போ வேணாம் சார்."

சிக்னல் இல்லையென்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றார்.

"உங்க காதுல விழுந்தது சரிதான் சார்" என்றேன்.