காரை எலும்புக்கு மேலே

பெப்ரவரி 12, திங்கள்

கடையைத் திறக்கவில்லை. மனைவி றலியாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மார்பில் கேன்சருக்கு ஒப்பரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம். இடது கை வீக்கம் முழங்கையையும் தாண்டிவிட்டது. அன்று கட்டியோடு சேர்த்து அக்குளில் இருந்த நிணநீர் நெறிகளையும் எடுத்துவிட்டதால், கையில் ஊறும் நீர் போக வழியில்லாமல் தேங்குகிறதாம். சிகிச்சை கொடுக்கும் சஞ்சீவனி மிஸ் தாளில் கீறிக் காட்டினார்.

இனி வீட்டில் நான்தான் தினமும் தடவி அந்த நீரை வடிக்க வேண்டும். அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்று கூப்பிட்டு மிஸ் சொல்லித் தந்தார்.

"நானா, மாப் பிசையிற மாதிரி அழுத்தாதீங்க. தோலை மட்டும் மெதுவா நகர்த்துங்க. முதல்ல கழுத்து, பிறகு நல்ல பக்கத்து அக்குள், கடைசியாதான் வீங்கின கை."

இருபது வருஷம் ஆணியும் முள்ளுக்கம்பியும் விற்ற கை. "சுரண்டுது," என்றாள் றலியா.

பெப்ரவரி 16, வெள்ளி

அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் தடவினேன். வீக்கம் குறைந்து, இன்று மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. அவளே அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

பெப்ரவரி 19, திங்கள்

கழுத்தில் தொடங்கும்போது, இடது காரை எலும்புக்கு மேலே பள்ளத்தில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கடலை அளவு. கெட்டி. நகரவில்லை.

"நோகுதா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா."

புதிதாக நெறி தட்டுப்பட்டால், அதுவும் நோவில்லாமல் கெட்டியாக இருந்தால், உடனே சொல்ல வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் சும்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 20, செவ்வாய்

ஏன் என்று எனக்குத் தெரியும். கடைசியாகக் கேன்சர் மருந்து ஏற்றிய அன்று, வாந்தி எடுக்க வாளிக்கு மேலே குனிந்தபடி சொன்னாள்: "திரும்பி வந்தாலும் இனி இதுக்கு வரமாட்டேன். என்னய ஊட்டுல விட்டுடுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். இதைச் சொன்னால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள். சொல்லாவிட்டால்?

பெப்ரவரி 23, வெள்ளி

தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

பெப்ரவரி 25, ஞாயிறு

கழுத்தை விட்டுவிட்டுக் கையிலிருந்து தொடங்கினேன்.

"மொதல்ல கழுத்துதானே?"

மறந்துவிட்டேன் என்றேன். யா அல்லாஹ், நான்தான் தேய்த்துத் தேய்த்துப் பரப்பிவிட்டேனா? துஆ கேட்கக் கை ஏந்தினேன். கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 28, புதன்

தாங்க முடியவில்லை. கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்று மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"நீங்க செஞ்சதால வந்ததில்ல, நானா. ஆனா இத்தனை நாள் ஏன் பேசாம இருந்தீங்க? இனி கை வைக்காதீங்க. டொக்டர்கிட்ட காட்டணும். இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். றலியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது நாளா என்ட கழுத்துல கைய வெச்சிட்டு வாய மூடிட்டா ஈந்தீங்க?"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பிறகு தானே விரலை வைத்துத் தேடினாள். "இதா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

மார்ச் 1, வெள்ளி

வரமாட்டாளாம். மகள் ஸுமைராவுக்கும் சொல்லக் கூடாதாம். மகள் போனில் கூப்பிட்டபோது, கறிக்கு என்ன போட்டாய் என்று றலியா சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

மார்ச் 2, சனி

"ஊசி போட்டுப் பாக்க வாறேன். அதுதான்ன்டு வந்தா, அந்த மருந்துக்கு என்னய இழுக்கக் கூடாது. வாக்குத் தாங்க."

தந்தேன். வேறு என்ன செய்ய?

என்ன மனிசன் நான்? பொண்டாட்டி சாகட்டும்ன்டு வாக்குக் குடுத்துட்டு, ஒன்டும் நடக்காத மாதிரி குந்தி சோறு தின்டேனே.

மார்ச் 6, புதன்

கழுத்தில் ஊசி குத்தி எடுத்தார்கள். அதற்கு முன்னால் பிரஷர் பார்க்க, இறுக்கவே கூடாத அந்த வீங்கிய இடது கையைப் பிடித்த தாதியிடம், "அந்தக் கையில வேணாம்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றலியா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 13, புதன்

இரண்டாம் நோன்பு. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஆணி கேட்டு வந்தவருக்குச் சுண்ணாம்பு நிறுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பி வைத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

வரவில்லை. அந்த வாக்கை எப்படி மீறுவது என்று யோசிக்கிறேன். மீறினால் என்னை மன்னிக்கமாட்டாள். மீறாவிட்டால் நானே என்னை எப்படி மன்னிப்பேன்?

மார்ச் 21, வியாழன்

"கேன்சர் நெவெயி," என்றார் டொக்டர். கேன்சர் இல்லை. இருபது வருஷமாகச் சிங்களத்தில் வியாபாரம் செய்கிறவனுக்கு அந்த இரண்டு சொல் விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன்.

டீ.பீ. காசநோய். கழுத்து நெறியில் வந்திருக்கிறது. ஆறு மாதம் குளிசை விழுங்க வேண்டும்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிரித்தேன். காசநோய் என்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்த ஆள் நானாகத்தான் இருக்கும். றலியா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வரமாட்டேன், விடுங்க என்று சொன்னவள் இப்படியா அழுவாள்?

"போறதுக்குன்டு எல்லாத்தையும் மனசுல மூட்டையா கட்டி வெச்சிட்டேன்," என்றாள். "இப்ப அவுக்கணும்."

ஏப்ரல் 4, வியாழன்

குளிசை குமட்டுகிறது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்தாள். மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டார் நோன்புக் கஞ்சி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அனுப்பாவிட்டால் போகட்டும்.

ஜூன் 20, வியாழன்

நெறி வற்றிவருகிறது. மறுபடி கை வைக்கலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார், மிஸ்ஸும் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட நான்கு மாதத்தில் கை பழையபடி வீங்கிப்போயிருந்தது. முதலிலிருந்து தொடங்கினோம்.

கழுத்தை முடித்துக் கையைத் தடவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அந்த வாக்கு இன்னும் ஈக்கா?"

கண்ணை மூடியே இருந்தாள்.

"அப்பிடி ஒரு நாள் வந்தா, திரும்பக் கேளுங்க," என்றாள். "யோசிக்கிறேன்."

யோசிக்கிறேன் என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.