குட்டிக் கியர் இல்லாத வண்டி

14-11-1996, பாபநாசம்

மதியம் எஸ்டேட்டிலிருந்து ஒரு பிரசவக் கேஸை முதலாளியின் புது வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினேன். எஸ்டேட் நர்ஸான என் மனைவி செல்வி பக்கத்தில் இருந்தாள். வளைவுச் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுழல, வண்டி நின்றுவிட்டது. பின்னால் அந்தப் பெண் அலறினாள். செல்வியின் கை தானாகக் கீழே துழாவியது.

"குட்டிக் கியரைத் தேடுதேன், காணலையேங்க!"

எஸ்டேட்டின் பழைய ஜீப்பில் பின்சக்கரங்கள்தான் இழுக்கும். முன்சக்கரங்களும் இழுக்க வேண்டுமானால் இருக்கைகளுக்கு நடுவே கீழே இருக்கும் குட்டிக் கியர் லீவரைத் தள்ள வேண்டும். சேற்றில் நான் ஸ்டியரிங்கை விடமாட்டேன். "இப்போ" என்பேன், அவள் தள்ளுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான் இந்த மலையில் ஏறி இறங்கினோம்.

புது வண்டியில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். ஆனால் ஒன்று வழுக்கினால் இழுவையெல்லாம் அதற்கே போய்விடும். முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை நானே அமுக்கியதும் வண்டி சேற்றை விட்டு ஏறியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

திரும்பும்போது செல்வி சொன்னாள்: "நல்ல வண்டிதாங்க. எனக்குத்தான் இதுல ஒரு வேலையும் இல்ல."

முதலாளி ஜீப்பை விற்கப்போகிறாராம். வேண்டாம் என்று சொல்ல ஆசை. அவரிடம் சொல்லக்கூடிய காரணம்தான் ஒன்றும் இல்லை.